வாடிய வீட்டுச் செடியைத் தேற்றுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ளாட் ஹாலிலும் ஜன்னலோரத்திலும் இருக்கும் தொட்டிச் செடிகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு: மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், பீஸ் லில்லி, இசட் இசட், அரேகா பாம். சென்னை, மதுரை, திருச்சி மாதிரி வெக்கையான ஊர்களை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறேன். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் தண்ணீர்க் கணக்கை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

செடி திடீரென்று தொங்கிவிட்டது. உடனே என்ன செய்வது?

உடனே எதுவும் செய்யாதீர்கள். வாடிய செடியைப் பார்த்ததும் கை தானாகச் சொம்பைத் தேடும். நிறையச் செடிகள் அந்தச் சொம்பால்தான் போகின்றன. தண்ணீரில்லாமல் காய்ந்த செடியும், தண்ணீர் மிஞ்சி வேர் அழுகிய செடியும் மேலே பார்க்க ஒரே மாதிரிதான் தொங்கும். இரண்டிலும் இலைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. ஒன்றில் மண்ணில் தண்ணீர் இல்லை. மற்றதில் உறிஞ்ச வேர் இல்லை.

ஆள்காட்டி விரலை இரண்டாவது ரேகை வரை மண்ணுக்குள் விடுங்கள். பிறகு தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்து, மண் சுருங்கித் தொட்டி ஓரத்தை விட்டு விலகியிருந்தால் வெறும் தாகம். கனமாக இருந்து, விரலில் மண் அப்பிக்கொண்டு வந்தால் கோளாறு கீழே இருக்கிறது. பீஸ் லில்லி மட்டும் கொஞ்சம் நாடகம் போடும்: தாகம் எடுத்தாலே இலையெல்லாம் சரிந்துவிடும், தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். மண் ஈரமாக இருந்தும் படுத்தே கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

நடுப்பகலில் துவண்டு சாயங்காலம் நிமிர்ந்தால் அது வெக்கையின் வேலை. காலையிலேயே துவண்டிருந்தால் வேரைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் ஊற்றினால் அப்படியே தட்டில் வந்துவிடுகிறது. செடி மட்டும் காய்கிறது. ஏன்?

கோகோபீட்டில் வளர்த்த செடிகளில் இது சகஜம். தேங்காய் நார்க்கழிவு ஒருமுறை எலும்பாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. ஊற்றியதெல்லாம் ஓரமாக வழிந்து ஓடிவிடும், நடுவில் இருக்கும் வேர்க்கட்டி காய்ந்தே இருக்கும். ஒரு பக்கெட்டில் பாதித் தொட்டி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, தொட்டியை அரை மணி நேரம் உட்கார வையுங்கள். அடி ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி மேல்மண் கறுத்ததும் எடுத்து வடிய விடுங்கள்.

தினமும் ஒரு டம்ளர்தான் ஊற்றுகிறேன். அதிலா வேர் அழுகும்?

அந்தத் 'தினமும்'தான் சிக்கல். வேரும் மூச்சு விட வேண்டும். மண்துகள்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் காற்று போய்த் தண்ணீர் நின்றுவிட்டால் வேர் திணறுகிறது. அந்தச் சமயத்தில்தான் பித்தியம், ஃபைட்டோஃப்தோரா போன்ற அழுகல் கிருமிகள் உள்ளே நுழைகின்றன. ஊற்றும்போது அடியில் வடியும்வரை நிறைய ஊற்றுங்கள், பிறகு மேல் இரண்டு அங்குலம் காயும்வரை தொட்டியை மறந்துவிடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டால், விரலைத்தான் நம்ப வேண்டும். இருந்தாலும் ஒரு உத்தேசம் சொல்கிறேன். எட்டு அங்குலத் தொட்டியில் மணி பிளான்ட் சித்திரை வைகாசியில் வாரம் இரண்டு முறை கேட்கும். ஐப்பசி கார்த்திகையில் பத்து நாளானாலும் மண் ஈரமாகவே இருக்கும். ஸ்நேக் பிளான்டும் இசட் இசட்டும் அந்த அடைமழைக் காலத்தில் மூன்று வாரம்கூடத் தாங்கும். ஒன்று இலையில் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கிறது, மற்றது மண்ணுக்கடியில் கிழங்கில். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்தேசத்துக்காரர்கள் எழுதியவை. 'குளிர்காலத்தில் காற்று வறண்டிருக்கும், இலைக்குத் தண்ணீர் தெளி' என்பார்கள். நம் ஊரில் அந்த மாதங்களில் காற்றே பிழிந்தால் தண்ணீர் வரும். வடகிழக்குப் பருவமழைதான் இங்கே வேரழுகல் சீசன்.

வேர் அழுகியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தொட்டியைச் சாய்த்து, ஓரத்தைத் தட்டி, செடியை மண்ணோடு வெளியே உருவிப் பாருங்கள். பயப்படாதீர்கள், பார்ப்பதால் செடி சாகாது. நல்ல வேர் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும், இழுத்தால் எதிர்த்து நிற்கும். அழுகிய வேர் காப்பி நிறத்தில் கொழகொழவென்று இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருவுங்கள். மேல்தோல் உறைபோலக் கழன்று கையோடு வந்துவிடும். உள்ளே தையல் நூல் மாதிரி ஒரு இழை மட்டும் செடியில் தொங்கும். அது செத்த வேர். சாக்கடை நாற்றமும் அடித்தால் கேள்வியே இல்லை.

இன்னொன்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். நர்சரியிலிருந்து வந்த செடிகள் சிலவற்றில் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை கெட்டியாக இருக்கும். லாரியில் தூரம் வரும்போது காயாமல் இருக்க அது உதவும். வீட்டில் அதை அப்படியே புதுத் தொட்டியில் வைத்துவிட்டால், சுற்றியுள்ள மண் காய்ந்த பிறகும் உருண்டைக்குள் ஈரம் நிற்கும், இல்லையென்றால் கல்லாகக் கெட்டிப்பட்டு வேரை நெரிக்கும். வாங்கி இரண்டு மூன்று மாதத்தில் செடி சரிந்தால் முதல் சந்தேகம் இந்த உருண்டைமேல்தான். பக்கெட் தண்ணீரில் ஊற வைத்து விரலால் கரைத்து எடுங்கள். குச்சியால் குத்தினால் வேர் அறும்.

அழுகியிருக்கிறது. இனி?

பழைய மண்ணை முழுக்க உதிர்த்து, வேரைக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். புது பிளேடையோ கத்திரியையோ ஸ்பிரிட்டில் துடைத்து, கொழகொழத்ததையெல்லாம் நல்ல வேர் தெரியும்வரை வெட்டுங்கள். இங்கே தயவு தாட்சண்யம் வேண்டாம். கொஞ்சம் அழுகலை விட்டு வைத்தால் அது மறுபடி பரவும். வேரைப் பாதி வெட்டினால் இலையிலும் மூன்றில் ஒரு பங்காவது குறையுங்கள். மிச்சமிருக்கும் வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் ஏற்ற முடியாது. வெட்டியதை நிழலில் சில மணி நேரம் உலர விடுங்கள். ஸ்நேக் பிளான்ட், இசட் இசட் என்றால் ஒரு நாள் முழுக்கவே உலரலாம்.

காயத்தில் மஞ்சள் தூள் தடவலாமா என்று கேட்கிறார்கள். கெடுதல் இல்லை. ஆனால் அழுகலை வெட்டாமல் மஞ்சள் மட்டும் தடவிப் பயன் இல்லை. டிரைக்கோடெர்மா விரிடி பொடி உரக்கடைகளில் கிடைக்கும். அதைப் புது மண்ணில் கலந்துவிடுவது நல்லது. அது உயிருள்ள பூஞ்சை, அழுகல் வராமல் காக்கும். வந்துவிட்டதை ஆற்றும் மருந்து அல்ல. அதே மண்ணில் ரசாயனப் பூஞ்சைக்கொல்லியையும் ஊற்றினால் இதுவும் செத்துப்போகும்.

பிறகு சிறிய தொட்டி. வேர் குறைந்த செடிக்குப் பெரிய தொட்டி கொடுத்தால், உறிஞ்ச ஆளில்லாத மண்ணில் ஈரம் நின்று பழைய கதை தொடரும். மிச்ச வேரைச் சுற்றி இரண்டு விரல் இடம் போதும். நட்டதும் ஒருமுறை தண்ணீர் விட்டு வடித்து, வெளிச்சமான நிழலில் வைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள். உரம் கூடாது.

வேர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தூக்கிப் போட வேண்டியதுதானா?

தண்டு கெட்டியாக இருந்தால் வேண்டாம். மணி பிளான்டில் ஒவ்வொரு கணுவும் ஒரு புதுச் செடிதான். கணுவுக்குக் கீழே அரை அங்குலம் விட்டு வெட்டி, கணு முங்கும்படி தண்ணீரில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். கணு இல்லாத வெறும் இலைக்காம்பு மாதக்கணக்கில் பச்சையாக இருந்து ஏமாற்றும், கொடி வராது.

ஸ்நேக் பிளான்ட் இலையை நான்கு அங்குலத் துண்டுகளாக வெட்டி, இரண்டு நாள் உலர்த்தி, மணலில் நடலாம். செடியில் கீழ்ப்பக்கமாக இருந்த முனைதான் மண்ணுக்குள் போக வேண்டும். தலைகீழாக நட்டால் வேர் வராது. ஓரத்தில் மஞ்சள் கோடு போட்ட ரகம் என்றால் இலைத்துண்டிலிருந்து வரும் குட்டியில் அந்த மஞ்சள் இருக்காது, வெறும் பச்சைதான் வரும். மஞ்சள் வேண்டுமானால் கிழங்கோடு பிரித்து நட வேண்டும். இசட் இசட் சிற்றிலையிலிருந்தும் வரும், ஆனால் அதற்குப் பொறுமை தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், மாதங்கள் ஆகும்.

பீஸ் லில்லியும் அரேகாவும் இப்படி வராது. அவற்றில் ஒரு பக்கக் கன்றாவது வேரோடு மிஞ்சினால்தான் உண்டு.

என்ன மண் கலவை போடுவது?

மணி பிளான்ட், பீஸ் லில்லிக்கு: கழுவிய கோகோபீட் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரமோ மக்கிய தொழு உரமோ ஒரு பங்கு, பெர்லைட் (லேசான வெள்ளைப் பொரிகல்) அல்லது கருக்கிய நெல் உமி ஒரு பங்கு. ஸ்நேக் பிளான்ட், இசட் இசட்டுக்குக் கலவையில் பாதி, கொரகொரப்பான மணலும் செங்கல் சில்லும் இருக்கட்டும். எம்-சாண்ட் போடுவதானால் கழுவிச் சலித்துப் போடுங்கள். அதிலுள்ள கல்தூசு சிமென்ட் மாதிரி இறுகிவிடும். கழுவாத நார்க்கழிவில் உப்பும், டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இருக்கும், அதனால் ஊற வைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

கலவை சரியா என்று பார்க்க, ஈரமாக்கி ஒரு பிடி பிடித்து விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டையாக நின்றால் இன்னும் உமி சேருங்கள்.

தொட்டி அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்கிறார்களே?

வடியாது. மெல்லிய மண்ணிலிருந்து பெரிய கல் இடைவெளிக்குத் தண்ணீர் லேசில் இறங்குவதில்லை. மண்ணின் அடிப்பகுதி முழுக்க நனைந்த பிறகுதான் சொட்டும். ஆக, கல் போட்டால் சொதசொதப்பு இன்னும் மேலே, வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஓட்டையின்மேல் மண் கொட்டாமலிருக்க ஒரு ஓட்டுத்துண்டைக் கவிழ்த்து வைத்தால் போதும். ஓட்டையே இல்லாத பீங்கான் தொட்டியை உள்தொட்டிக்கு உறையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் ஊற்றிய பத்து நிமிடத்தில் அதில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

'இன்டோர் பிளான்ட்' என்றுதானே விற்றார்கள்? வெளிச்சம் வேண்டுமா?

இருட்டில் வளரும் செடி என்று ஒன்று கிடையாது. இருட்டில் மெதுவாகச் சாகும் செடிகள் உண்டு. நம் கண் இருளுக்குப் பழகிவிடுவதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நேர் வெயில் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். ஜன்னலை ஒட்டிய இடத்தில் சில ஆயிரம். பத்து அடி உள்ளே, டிவிக்குப் பக்கத்தில், நூறு இருநூறுதான். போனில் லக்ஸ் அளக்கும் செயலி போட்டுப் பார்த்தால் திகைத்துப்போவீர்கள். வெளிச்சம் குறைந்தால் செடி குடிக்கும் தண்ணீரும் குறையும். அதே அளவு ஊற்றிக்கொண்டிருந்தால் வேரழுகல். இரண்டும் ஒரே நோயின் இரு முனைகள்.

ஜன்னல் திசையிலும் வெளிநாட்டுக் குறிப்புகளை அப்படியே எடுக்க முடியாது. வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று அவற்றில் இருக்கும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வந்து, ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வடக்கே சாய்ந்துதான் போகிறது. கன்னியாகுமரியில் இது ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை. அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலுக்குக் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் வரும், தெற்கு ஜன்னலுக்கு வராது. மார்கழி, தையில் நேர்மாறு. கிழக்கு ஜன்னல் வருடம் முழுக்க நல்லது. மேற்கு ஜன்னல் சித்திரையில் இலையைப் பொசுக்கும். ஒரு மெல்லிய திரை போடுங்கள்.

வாடிய செடியை 'வெயில் பட்டால் தேறிவிடும்' என்று நேராக மொட்டைமாடிக்கு ஏற்றாதீர்கள். இலை நடுவே வெளுத்த திட்டு விழுந்தால் அது வெயில் சுட்ட காயம், ஆறாது. வாரத்துக்கு ஓரிரு அடியாக வெளிச்சத்தை நோக்கி நகர்த்துங்கள்.

ஏசி படுக்கையறையில் காற்றைச் சுத்தம் செய்ய வைத்தேன். வாடுகிறது.

செடியை ஜன்னலுக்கு மாற்றுங்கள். செடி காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1989 நாசா ஆய்வு சின்ன, மூடிய கூண்டுகளில் நடந்தது. வீடு கூண்டல்ல. 2019இல் வெளியான ஒரு மறுபரிசீலனை, ஜன்னல் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வேண்டும் என்று கணக்குப் போட்டது. அழகுக்கு வையுங்கள், போதும்.

அரேகா இலை நுனியெல்லாம் கருகுகிறது. தண்ணீர் போதவில்லையா?

பெரும்பாலும் தண்ணீரின் அளவு காரணமல்ல, தரம்தான் காரணம். போர் தண்ணீரின் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. மண்மேலும் மண்தொட்டியின் வெளிப்புறத்திலும் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதுதான். மேல் அரை அங்குல மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியைப் பாத்ரூமுக்குக் கொண்டுபோய், தொட்டிக் கொள்ளளவைப் போல மூன்று நான்கு மடங்கு நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றி வடிய விடுங்கள். கருகிய நுனியை இலையின் வடிவத்திலேயே கத்தரிக்கலாம்; பச்சையைத் தொடாமல் ஒரு நூல் விட்டு வெட்டுங்கள், இல்லையென்றால் வெட்டிய இடம் மறுபடி கருகும்.

மழைத்தண்ணீருக்கு நிகர் எதுவும் இல்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் காற்றின் ஈரம்தான், உப்பு கிட்டத்தட்ட இல்லை, தாராளமாக ஊற்றலாம். ஆர்ஓ கழிவுத் தண்ணீரை மட்டும் தொட்டிக்கு ஊற்றாதீர்கள். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரை ராத்திரி திறந்து வைத்தால் குளோரின் குறையும், உப்பு குறையாது.

இலை மஞ்சளானால் என்ன அர்த்தம்?

எந்த இலை என்பதைப் பாருங்கள். அடியில் எப்போதாவது ஒன்று பழுத்தால் வயசு, விடுங்கள். அடி இலைகள் ஒரே வாரத்தில் நான்கைந்து பழுத்து மண்ணும் ஈரமென்றால் வேர். புதுத் தளிர் வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை. கடினமான போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது வரும். பழைய இலையில் நரம்புக்கு நடுவே மஞ்சள் என்றால் மெக்னீசியம் குறைவு, அதற்குத்தான் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்). எல்லா மஞ்சளுக்கும் எப்சம் உப்பு போடும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. பழுத்த இலை மறுபடி பச்சையாகாது.

காலையில் மணி பிளான்ட் இலை நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்பது நோயல்ல. மண்ணில் ஈரம் நிறைந்திருக்கிறது என்று செடி சொல்கிறது, அவ்வளவுதான்.

அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு?

தோட்டத்து மண்ணுக்குச் சரி. வீட்டுக்குள் சின்னத் தொட்டியில் கஞ்சித்தண்ணீர் புளித்து நாறும், குட்டி ஈக்கள் வரும். பாலும் சர்க்கரையும் போன டீத்தூள் எறும்பைக் கூட்டும். முட்டை ஓட்டில் இருப்பது சுண்ணாம்பு. போர் தண்ணீரில் அது ஏற்கெனவே வேண்டிய மட்டும் இருக்கிறது.

உரம் எப்போது?

புதுத் தளிர் விரிந்த பிறகு. அதற்கு முன் போடும் உரம், வேரில்லாத செடிக்கு உப்புதான். அப்புறம் மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம், அல்லது 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள, தண்ணீரில் கரையும் உரம்) ஒரு லிட்டருக்கு ஒரு கிராம். ஈர மண்ணில்தான் ஊற்ற வேண்டும்.

இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு. என்ன செய்வது?

மாவுப்பூச்சி. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் முதலில் தென்பட்டுப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் தின்ற பப்பாளி மாவுப்பூச்சியை, 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த குட்டி ஒட்டுண்ணிக் குளவிகள்தான் அடக்கின. வீட்டுக்குள் குளவி வராது, நாம்தான் குளவி வேலையைப் பார்க்க வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொடுங்கள். மெழுகு கரைந்து பழுப்பாகிவிடும். பிறகு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், முதலில் எண்ணெயோடு சில சொட்டுச் சோப்பு லிக்விட் குழைத்துக் கலந்து, சாயங்காலம் இலைக்கு அடியிலும் தெளியுங்கள். முட்டைகள் தப்பிப் பொரிக்கும் என்பதால் வாரம் ஒருமுறையாக நான்கு வாரம். எறும்பு ஏறும் வழியையும் அடையுங்கள். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும்.

கோடையில் இலை மணல் தெளித்தாற்போல் வெளிறினால், வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். புள்ளிகள் நகர்ந்தால் சிலந்திப்பேன். ஷவரில் இலையின் அடிப்புறத்தை நன்றாகக் கழுவுவதே பாதி வைத்தியம். மண்மேல் பறக்கும் குட்டிக் கறுப்பு ஈக்கு மருந்து வேண்டாம்; மேல்மண்ணைக் காய விடுங்கள், மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று குத்தி வையுங்கள்.

வீட்டில் குழந்தையும் பூனையும் உண்டு. வெட்டிய தண்டை அப்படியே போடலாமா?

போடாதீர்கள். மணி பிளான்ட், பீஸ் லில்லி, இசட் இசட் மூன்றும் சேம்புக் குடும்பம். சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் நாக்கை அரிக்கச் செய்யும் அதே கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் இவற்றின் சாற்றிலும் உண்டு. சமைத்து, புளி விட்டுத் தணிக்க வழியில்லை. வெட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூனை கடிக்கும் வீட்டுக்கு அரேகா பரவாயில்லை.

துளசி ஹாலில் நிற்கவே மாட்டேன் என்கிறது.

நிற்காது. ஐந்தாறு மணி நேர வெயில் கேட்கும் செடி அது. பால்கனியில் வைத்து, கதிர் விட விடக் கிள்ளுங்கள்.

தேறிவிட்டது என்று எப்போது நம்பலாம்?

பழைய இலையைப் பார்க்காதீர்கள், புதுத் தளிரைப் பாருங்கள். மணி பிளான்ட் ஒரு மாதத்துக்குள் ஒரு தளிராவது விடும். ஸ்நேக் பிளான்டுக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். அதுவரை செடியைப் பிடுங்கிப் பிடுங்கி வேர் பார்க்காதீர்கள். தண்டு கெட்டியான செடிகளில் நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை ஈரம் இருந்தால் உயிர் இருக்கிறது. அடிவரை பழுப்பாகக் காய்ந்திருந்தால் மண்ணை வெயிலில் கொட்டிக் காய வைத்துவிட்டு, தொட்டியைக் கழுவி அடுத்த செடிக்குத் தயார் செய்யுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். ஒரு வாரம் தாங்குமா?

தை மாதத்தில் ஒரு வாரம் என்பது பெரும்பாலான வீட்டுச் செடிகளுக்கு ஓய்வுதான். போகும் நாள் காலையில் நன்றாக ஊற்றி வடித்து, எல்லாவற்றையும் வெயில் படாத ஜன்னல் பக்கம் நெருக்கி வைத்துவிட்டுப் போங்கள். மே மாத விடுமுறை என்றால் பழைய வேட்டியைக் கிழித்துத் திரியாக முறுக்கி, நனைத்து, ஒரு முனையை மண்ணில் மூன்று அங்குலம் புதைத்து, மறுமுனையை உயரத்தில் வைத்த மூடிய வாளித் தண்ணீரில் போடுங்கள். இரண்டு நாள் முன்னதாகவே செய்து வேகம் பார்த்துக்கொள்ளுங்கள். திரி தடித்தால் தண்ணீர் கூடும். தட்டில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டுப் போகும் யோசனை மட்டும் வேண்டாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மணி பிளான்ட் பாட்டில் இருந்தால் அதன் தண்ணீரையும் மாற்றி, வாயைப் பஞ்சால் அடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.